நடுப்பகலில் சொன்னது

ஜூன் 5, திங்கள்

ஜனவரியில் மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாக எழுத ஒன்றும் இல்லை. இன்று இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, மாற்றல். ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். பாளையங்கோட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்தாலும் அங்கே போய்ச் சேர ஒன்பதரை ஆகிவிடும். எட்டு மணிக்கே ஆட்கள் மாத்திரைக்கு வரிசையில் நிற்பார்களாம். போன வருடம் பைக்கிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது முதல் நீண்ட தூரத்துக்கு இரண்டு சக்கரம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, முப்பத்தேழு வயதில் கார் ஓட்டப் படிக்கிறேன். அத்தானின் பழைய ஆல்டோவை அக்கா எனக்குத் தள்ளிவிட்டாள்.

இரண்டு, முதல் வகுப்பு. காலை ஆறு மணி, வ.உ.சி. மைதானத்தை ஒட்டிய தெரு. சொல்லிக்கொடுப்பவர் பெயர் மரகதம். திருநங்கை. சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டிருந்தார். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கிளட்ச்சைப் பற்றித்தான் எழுத வேண்டும். நான் காலை எடுத்ததும் வண்டி ஆடு முட்டுகிற மாதிரி முன்னால் பாய்ந்து நின்றுவிடுகிறது. நான்கு தடவை.

"படக்குனு விடாதிய சார். தூங்குத பிள்ளைய தொட்டில்ல போடுத மாதிரி விடணும்."

"எனக்குப் பிள்ளை கிடையாது மேடம்."

"எனக்கும்தான் கிடையாது. அதுக்காக வண்டி ஓட்டாமலா இருக்கேன்?"

ஐந்தாவது தடவை வண்டி நகர்ந்தது. அவர் குரல் கொஞ்சம் கனமானது. சிரிக்கும்போது மட்டும் மெலிகிறது.

ஜூன் 7, புதன்

இரண்டாவது கியருக்கு வந்தேன். சமாதானபுரம் வளைவில் ஒரு எருமை குறுக்கே வந்தது. நான் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டேன். மரகதம் மேடம் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எருமைக்குக் கும்புடு போட்டிய. அது பாட்டுக்குப் போகுது பாருங்க" என்று சிரித்தார்.

ஜூன் 12, திங்கள்

இரண்டு சட்டை வாங்கினேன். பழையவை வெளுத்துவிட்டன.

ஜூன் 17, சனி

இன்று திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் வரை ஓட்டினேன். திரும்பும் வழியில் டீக்கடை ஓரமாக நிறுத்தச் சொன்னார். ரிவர்ஸ் எடுத்து நிறுத்தியதில் பின் சக்கரம் ஓடைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அதைப் பெரிய சாதனை மாதிரி சொன்னார்.

டீ குடிக்கும்போது, மரகதம் என்பது இந்தக் காலத்துப் பெயராக இல்லையே என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நானே வச்சுக்கிட்ட பேரு சார். எங்க ஊர்ல மரகதம் டீச்சர்னு ஒருத்தங்க ஸ்கூட்டர்ல வருவாங்க. நம்மளும் இப்படி நிமிந்து உக்காந்து போகணும்னு நினைப்பேன். பேரு வைக்கிற நேரம் வந்தப்போ யோசிக்கவே இல்ல."

பிறந்தது திருச்செந்தூர்ப் பக்கம் கடலோரத்து ஊர். பத்தொன்பது வயதில் வீட்டைவிட்டு வந்திருக்கிறார். ஆறு வருடம் தூத்துக்குடியிலிருந்து பெங்களூருக்கு மினி லாரி ஓட்டியிருக்கிறார். எனக்கு ஒரு வயது இளையவர். அவர் சொன்னபோது நானும் என்னுடையதைச் சொன்னேன்: கல்யாணம் ஆனது, மூன்று வருடம், பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து. உமாவும் நானும் சண்டை போட்டதே இல்லை, பேசிக்கொண்டதும் இல்லை. அவள் இப்போது மஸ்கட்டில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள்.

எல்லோரும் இந்த இடத்தில் "ஏன்?" என்று கேட்பார்கள். மரகதம் கேட்கவில்லை. "டீ ஆறுது" என்றார்.

ஜூன் 20, செவ்வாய்

வகுப்பு இல்லை. வண்டிக்கு சர்வீஸாம். நாள் நீளமாக இருந்தது.

ஜூன் 24, சனி

இதை எழுதிவிட்டுக் கிழித்துவிடலாம்.

இன்று ரிவர்ஸ் பழகும்போது கியர் விழவில்லை. என் கைமேல் அவள் கையை வைத்து அழுத்தினாள். இரண்டு நொடி இருக்கும். பிறகு அவள் எதையோ விளக்கினாள், நான் தலையாட்டினேன், ஒரு வார்த்தையும் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். திருநங்கையை விரும்பும் ஆண் எந்த வகை என்று. ஒருவன் அருவருப்பாக எழுதியிருக்கிறான், இன்னொருவன் வியாதி என்கிறான், மூன்றாமவன் ஆங்கிலத்தில் பத்துப் பெயர் சொல்கிறான். எல்லாவற்றையும் அழித்தேன். இந்த வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன், யாரிடமிருந்து மறைக்கிறேன் என்று தெரியவில்லை.

பயத்தைத் தெளிவாக எழுதிப் பார்க்கிறேன். இத்தனை வயதுக்கு மேல் நான் வேறு ஆள் என்று ஆகிவிட்டதா? பள்ளியில் எனக்குப் பிடித்தவள் ஒரு பெண். உமாவை எனக்குப் பிடித்திருந்தது, எல்லா விதத்திலும். இப்போது இவளைப் பார்க்கும்போது வருவதும் அதே மாதிரிதான் இருக்கிறது. அவள் கூந்தலை முடிந்துகொண்டு கண்ணாடியைத் திருத்தும்போது ஒரு பெண்ணைத்தான் பார்க்கிறேன். அப்படியென்றால் பயம் எதற்கு?

ஊர் என்ன சொல்லும் என்று தெரியும். "அதனாலதான் பொண்டாட்டி விட்டுட்டுப் போனா" என்பார்கள்.

மேலே மூன்று இடத்தில் 'அவள்' என்று எழுதியிருக்கிறேன். போன வாரம்வரை 'அவர்' என்றுதான் எழுதினேன். கிழிக்கவில்லை.

ஜூலை 2, ஞாயிறு

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர். அக்கா வீட்டோடு போனேன். அத்தானின் ஆபீஸ் நண்பர் சிதம்பரநாதனும் வந்திருந்தார். எனக்கு ஒரு வரன் அவர் மூலமாக வந்திருக்கிறது, தென்காசிப் பக்கம், பெண் வங்கியில் வேலை. இருபத்து மூன்றாம் தேதி போய்ப் பார்க்க வேண்டுமாம். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நல்ல வெயில். சுவாமி தேர் வாகையடி முனையில் திரும்பும்போது ஒரு தடவை நின்றது. நீர்மோர் குடித்தோம். மரகதத்தையும் தூரத்தில் பார்த்தேன். கூட்டம், பேச முடியவில்லை.

ஜூலை 3, திங்கள்

நேற்று எழுதியது பொய்.

மரகதம் தூரத்தில் இல்லை. நாலடி தள்ளி நின்றாள். மஞ்சள் சேலை, தலை நிறையப் பூ. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக "நாயகம் சார்!" என்று கூப்பிட்டாள். கோமதிநாயகம் என்ற என் பெயரை எல்லோரும் நாயகம் என்றுதான் சுருக்கிக் கூப்பிடுவார்கள், அந்தப் பெயரில் அங்கே வேறு யாரும் இல்லை. நான் அவளைப் பார்த்தேன். பிறகு தேரைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவள் கடந்து போன பிறகு சிதம்பரநாதன் ஒரு சொல் சொன்னார். அந்தச் சொல்லை எழுத மாட்டேன். அத்தான் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இன்று காலை வகுப்பில் அவள் வழக்கம்போலப் பேசினாள். லெஃப்ட், இண்டிகேட்டர், மெதுவா, நில்லுங்க. வேறு ஒரு சொல் இல்லை. முடிந்ததும் சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நேத்து கூட்டத்துல நீங்க என்னைய பாக்கலன்னா ஒண்ணுமில்ல. பாத்திய. பாத்துட்டுத் திருப்பிக்கிட்டிய."

"மேடம், அங்க வந்திருந்தவங்க…"

"யாரா இருந்தா என்ன? எனக்கு இது பழக்கம் சார். பழகிப்போச்சுன்னா வலிக்காதுன்னு மட்டும் நினைச்சிராதிய."

நான் சீட் பெல்ட்டை அவிழ்த்தேன்.

"நாளையிலேருந்து பிச்சையா அண்ணன் உங்களுக்கு எடுப்பாரு. நல்லாச் சொல்லிக் குடுப்பாரு" என்று கதவைத் திறந்து இறங்கினாள்.

ஜூலை 5, புதன்

பிச்சையா அண்ணன் வகுப்பு முழுக்க அரசியல் பேசுகிறார். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது.

ஜூலை 9, ஞாயிறு

இன்று பஸ் ஏறி நாகர்கோவில் போய் ஜெபசிங்கைப் பார்த்தேன். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன். எனக்கு இதைக் கேட்க உலகத்திலேயே ஒரு ஆள்தான் உண்டு, அவன் முன்னால் நிற்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதும் தெரியும். மூன்றாம் வருடம் ஒரு நாள், தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று அவன் என்னிடம் சொன்னான். நான் "சரிடே" என்றேன். மறுநாள் படிப்பு கெடுகிறது என்று வார்டனிடம் சொல்லி வேறு அறைக்குப் போய்விட்டேன்.

கதவைத் திறந்தவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வால, கிழவனாயிட்ட" என்றான். அவன் அம்மா கோயிலுக்குப் போயிருந்தார்கள். சமையலறையில் நின்றபடி அவன் பலாக்கொட்டை உரித்தான், நான் எல்லாவற்றையும் சொன்னேன். மைதானம், எருமை, கியர், தேர், என் சிரிப்பு.

"இப்போ உனக்கு என்ன தெரியணும்?"

"நான் என்ன ஆளுன்னு தெரியணும்."

"அவ யாரு?"

"மரகதம்."

"பேரைக் கேக்கல. ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பளை."

"இதைச் சொல்ல யோசிச்சியா?"

"இல்ல."

"அப்போ பொம்பளையப் பிடிச்ச ஆம்பளை நீ. ஏற்கனவே இருந்த அதே ஆளு. இதுக்குப் போயி பஸ்ஸு ஏறி வந்திருக்க."

எனக்குப் பெரிய மூச்சு ஒன்று வந்தது. தோள் இரண்டும் இறங்கியது எனக்கே தெரிந்தது. அவனும் பார்த்துவிட்டான். கத்தியைக் கீழே வைத்தான்.

"நல்லா மூச்சு விட்டியா? இப்போ ஒண்ணு சொல்லுதேன் கேளு. என்னைய மாதிரி இல்லைன்னு தெரிஞ்சதும் உன் மூஞ்சி தெளிஞ்சுது பாத்தியா? அந்தத் தெளிச்சல் எனக்குப் பிடிக்கல. என்னைய மாதிரி இருந்திருந்தா என்னல கெட்டுப் போயிருக்கும்? செத்தா போயிருப்ப?"

"இல்லடே."

"அன்னிக்குப் பெட்டியத் தூக்கிட்டுப் போனியே, இந்தப் பயம்தான் அது. அதே பயம்தான் தேர்லயும். நீ எந்த வகைங்கறது ஒரு கேள்வியே இல்ல. பயந்துக்கிட்டு மூஞ்சியத் திருப்புத வகை. அதை மட்டும் மாத்து."

நான் மன்னிப்புக் கேட்டேன். பதினாறு வருடம் கழித்து. அவன் கத்தியை மறுபடி எடுத்து ஒரு கொட்டையை உரித்தான். பிறகு, "அந்த ரூம்ல ஃபேன் உன் பக்கம்தான் நல்லா சுத்துச்சு. நீ போனப்புறம் எனக்குக் காத்தாவது கிடைச்சுது" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தபடியே அவன் கண்ணைத் துடைத்தான், பலாக்கொட்டைக்கெல்லாம் கண் எரியாது.

சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பல வாரத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன், உட்கார்ந்தபடியே.

ஜூலை 12, புதன்

ரிவர்ஸில் எஸ் வளைவு போட்டேன். பிச்சையா அண்ணன் ஆளும்கட்சியைத் திட்டுவதை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்.

ஜூலை 15, சனி

மரகதத்திடம் சொல்லிவிட்டேன்.

மத்தியானம் பன்னிரண்டு மணி. டிரைவிங் ஸ்கூல் வாசலில் அவள் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே ஜெராக்ஸ் கடை, பக்கத்தில் ஜூஸ் கடை, இரண்டிலும் ஆட்கள். வீட்டில் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த வாக்கியம் எல்லாம் போய்விட்டது.

"தேர் அன்னைக்கு நான் செஞ்சது கேவலம். நீங்க போனப்புறம் ஒருத்தர் உங்களைப் பத்தித் தப்பாப் பேசினாரு. நானும் சேந்து சிரிச்சேன். அது உங்களுக்குத் தெரியாது. தெரியணும்னு சொல்லுதேன்."

அவள் துணியைப் பிழிந்தாள். "தெரியும் சார். பின்னால சிரிப்புச் சத்தம் கேட்டுது. அதுல உங்க சிரிப்பும் இருந்துது."

"இன்னொண்ணும் இருக்கு."

"சொல்லுங்க."

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

ஜூஸ் கடை மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"இதை என்கிட்ட ஏழு பேரு சொல்லியிருக்காங்க. ஏழு பேரும் இருட்டினப்புறம் சொன்னவங்க. நீங்க ஒருத்தர்தான் வெயில்ல வந்து நிக்கிய." துணியை மறுபடி நனைத்தாள். "ஒரு கேள்வி கேப்பேன். நான் யாருங்கறத மறந்துட்டு உங்களுக்குப் பிடிக்குதா, இல்ல அதுக்காகவே பிடிக்குதா? ரெண்டு மாதிரி ஆளையும் பாத்துட்டேன். மறக்குதவன் ஒரு நாள் ஞாபகம் வந்து ஓடிருவான். அதுக்காகவே வாரவன் என் மூஞ்சியப் பாக்கவே மாட்டான்."

யோசித்துத்தான் சொன்னேன். "மறக்கல. அதுக்காகவும் இல்ல. எருமை வந்த அன்னைக்கு நீங்க திட்டாம சிரிச்சிய. அன்னையிலேருந்துதான்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"இதுக்கு முன்னால ரொம்பக் குழம்பிட்டேன். நான் என்ன மாதிரி ஆளுன்னு…"

"அதை என்கிட்ட கேக்காதிய. நீங்க என்னன்னு நீங்கதான் சொல்லணும். நான் என்னன்னு எனக்கு ஏழு வயசுலயே தெரியும். அதைத் திருப்பித் திருப்பி அடுத்தவங்களுக்கு விளக்குததுதான் அலுப்பு."

"கேக்கல. தெரிஞ்சுக்கிட்டேன்னு சொல்ல வந்தேன்."

"அப்போ சரி." துணியைக் காயப்போட்டாள். "உங்க வீட்ல யாருகிட்டயாவது சொல்லிட்டு வாங்க. எனக்காக இல்ல. சொல்ல முடியுதா இல்லையான்னு உங்களுக்குத் தெரிஞ்சிரும்லா. முடியலைன்னா என்கிட்ட கோவம் கிடையாது. ஆனா ஒளிச்சு வைக்கிற சாமானா நான் இனி இருக்க மாட்டேன் சார்."

ஜூலை 16, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். சொல்லவில்லை. அவியல் நன்றாக இருந்தது.

ஜூலை 21, வெள்ளி

ஆர்.டி.ஓ. ஆபீஸில் தேர்வு. எட்டுப் போட்டேன், ரிவர்ஸ் போனேன், மேட்டில் நிறுத்தி எடுத்தேன். வண்டி பின்னால் ஒரு அங்குலம்கூட உருளவில்லை. இன்ஸ்பெக்டர் "போலாம்" என்றார். கூடவே வந்திருந்த பிச்சையா அண்ணன் உடனே போனில் யாரிடமோ, "பாஸாயிட்டாருட்டி" என்றார். யாரிடம் என்று நான் கேட்கவில்லை. போனில் அந்த மெலிந்த சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஜூலை 22, சனி

பெண் பார்க்கப் போவது நாளை. இன்று சொல்லாவிட்டால் ஒன்றும் அறியாத ஒரு பெண் நாளை எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பாள்.

சாயங்காலம் நானே ஆல்டோவை ஓட்டிக்கொண்டு டவுனுக்குப் போனேன். அக்கா பேர் சிவகாமி. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா போன பிறகு எனக்குத் தலைவாரிவிட்டது அவள்தான். நாளைக்குக் கொண்டுபோக வேண்டிய பழத்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் போக வேண்டாம்கா. எனக்கு ஒருத்தங்களைப் பிடிச்சிருக்கு."

அவள் முகம் மலர்ந்தது. "ஏல, இதை முன்னாலயே சொல்ல வேண்டியதுதானல! யாரு?"

"டிரைவிங் ஸ்கூல்ல எனக்குச் சொல்லிக் குடுத்தவங்க. பேரு மரகதம்." இங்கே நிறுத்திவிடலாம் என்று இருந்தது. நிறுத்தவில்லை. "திருநங்கை."

தட்டு அவள் கையிலேயே இருந்தது. கூடத்தில் டிவி சத்தம் நின்றது.

"உமா அதனாலதான் போனாளா?" அக்காதான் கேட்டாள். ஊர் கேட்கும் என்று நான் பயந்த கேள்வி. காதில் விழுந்ததும் நினைத்த அளவு கனம் இல்லை அதற்கு.

"இல்லக்கா. உமாவும் நானும் பேசிக்கிடவே மாட்டோம், அதனால போனா. இவகிட்ட நான் பேசுதேன்."

"அப்போ நீ… நீ எப்படி…"

"எப்பவும் இருந்த மாதிரிதான்கா இருக்கேன். எனக்குப் பொம்பளையத்தான் பிடிக்கும். இவளைப் பிடிச்சிருக்கு. வேற மாதிரி ஆளா இருந்திருந்தாலும் இதே இடத்துல நின்னு உன்கிட்டதான் சொல்லியிருப்பேன்."

அத்தான் எழுந்து வந்தார். சிதம்பரநாதன் முகத்தில் எப்படி முழிப்பது என்றார். குடும்ப மானம் என்றார். தேர் அன்று அவருடைய நண்பர் சொன்ன அதே சொல்லைச் சொன்னார்.

"அத்தான், அந்த வார்த்தை வேண்டாம். அன்னைக்கு நானும் சிரிச்சேன். இன்னைக்கு யாரு சொன்னாலும் விட மாட்டேன்."

பதினெட்டு வருடத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை, ஆனால் அவர் பேச்சை நிறுத்தினார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மஞ்சச் சேலையா?" என்றாள்.

"என்னக்கா?"

"தேர்ல உன்னைய பேரு சொல்லிக் கூப்பிட்டாளே. நீ கேக்காத மாதிரி நின்ன. நான் பாத்தேன். வாடிப்போயிட்டா அந்தப் பிள்ளை. யாரு பெத்த பிள்ளையோ, இவன் ஏன் இப்படி நிக்கான்னு நினைச்சேன்."

தரையில் உட்கார்ந்து அழுதேன். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கட்டிக்கொள்ளவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "எனக்கு இது ஒண்ணும் விளங்கலல. கொஞ்ச நாளு குடு" என்றாள். தென்காசிக்கு அவளே போன் செய்தாள். ஜாதகம் சரியில்லை என்று சொல்லப் போனாள். நான் கையைப் பிடித்தேன். "அவனுக்கு வேற ஒருத்தங்களப் பிடிச்சிருக்காம், இப்பத்தான் சொன்னான், மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

ஜூலை 23, ஞாயிறு

மரகதத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை.

"மரகதம்?" பெயர் சொல்லி அழைத்தது இதுதான் முதல் தடவை.

"இருக்கேன். நீங்க திரும்பி வர மாட்டியன்னு நினைச்சேன். நெசமாவே நினைச்சேன்" என்றாள். பிறகு, "எனக்கு யோசிக்கணும். நீங்க தள்ளினதும் விழுததுக்கு நான் என்ன கியரா?" என்றாள்.

யோசிக்கட்டும். எனக்கு அவசரம் இல்லை. சொல்லி முடித்தவனுக்கு வேலை குறைவு. துணி துவைத்தேன், ஃபேன் துடைத்தேன், மூன்று தோசை சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

புதிய இடத்தில் சேர்ந்தேன். வயல் நடுவே இரண்டு அறைக் கட்டடம், பின்னால் மலை. ஏழே முக்காலுக்கு அங்கே இருந்தேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், இருமல். நூற்றுப் பன்னிரண்டு பேர்.

சாயங்காலம் போனில் செய்தி: "ரோட்ல எத்தனை எருமை?" ஒன்றுகூட இல்லை என்று பதில் போட்டேன். "ஞாயித்துக்கிழமை வண்டியக் கொண்டாங்க. நீங்க ஓட்டுதத பாக்கணும்" என்று வந்தது.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் பிரேக் இல்லாத வண்டியில். பாபநாசம் வரை போய் வந்தோம். வழியெல்லாம் அவள் வலது கால் தானாகவே தரையை மிதித்துக்கொண்டிருந்தது. கோயில் படித்துறையில் ஆற்றில் கால் வைத்து உட்கார்ந்தோம். என் கையை எடுத்து அவள் கைக்குள் வைத்துக்கொண்டாள். குளிக்க வந்தவர்கள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன். அவ்வளவுதான், அவர்கள் குளிக்கப் போனார்கள்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

அத்தான் இன்னும் என்னோடு பேசவில்லை. அக்கா வாரம் ஒரு தடவை போன் செய்து என் வேலை, சாப்பாடு, மழை எல்லாம் கேட்பாள். மரகதத்தைப் பற்றி மட்டும் கேட்க மாட்டாள். நானும் வலிய இழுப்பதில்லை.

இன்று மரகதத்தோடு மணிமுத்தாறு போகும் வழியில் போன் வந்தது. ஓரமாக நிறுத்தினேன். அக்கா. ஸ்பீக்கரில் போட்டதை அவளிடம் சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏல, வாற வெள்ளிக்கிழமை உங்க அத்தான் மதுரைக்குப் போறாவ. நீ அவளைக் கூட்டிட்டு மத்தியானம் சாப்பிட வா. அத்தானுக்கும் தெரியும், நான் சொல்லிட்டேன். பதில் சொல்லல. வேண்டாம்னும் சொல்லல."

நான் மரகதத்தைப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கியால? ஒண்ணு கேக்கணும். என்ன சமைக்கதுன்னு தெரியணும்லா. அவ நம்மளை மாதிரி சைவம்தானே?"

"இல்லக்கா. கடற்கரை ஊரு. மீனு இல்லாம சோறு இறங்காது."

அக்கா வெடித்தாள். "மீனா! ஐயோ சாமி! ஏல, ஒரு வார்த்தை முன்னால சொன்னியால நீ? அம்மா இருந்தா இந்நேரம் என்ன ஆயிருக்கும்! எல்லாத்தையும் ஒரு மாதிரி மனசத் தேத்தி வச்சிருக்கேன், இப்போ மீனுன்னு சொல்லுத. நம்ம வீட்டுப் பாத்திரத்துல அதெல்லாம் ஆகாது, சொல்லிட்டேன். அவகிட்டயும் சொல்லிரு. ஆகாதுன்னா ஆகாது!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டியரிங்மேல் தலையை வைத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். திருநங்கை என்று சொன்ன அன்றுகூட அக்கா இவ்வளவு கத்தவில்லை. மரகதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை என் கையிலிருந்து வாங்கினாள். மெலிந்த குரலில்தான் ஆரம்பித்தாள்.

"மதினி, நான் மரகதம் பேசுதேன். வெள்ளிக்கிழமை நீங்க என்ன வச்சாலும் சாப்பிடுவேன். ஆனா மீனைப் பத்தி இப்படிப் பேசினா நான் விட மாட்டேன், கேட்டுக்கிடுங்க."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம் வந்தது. பிறகு அக்கா சொன்னது எங்கள் இருவருக்கும் கேட்டது.

"வாய்க்காரிதான் போலிருக்கு. சரி, வெள்ளிக்கிழமை வா. நேர்ல பேசிக்கிடுவோம்."